உம்பொண்ணு எங்க படிக்குது டீச்சர்?

வெயிலில் சூடேறிய கறுப்புக் குடைத்துணிக்கு ஒரு வாடை உண்டு. இஸ்திரி போடும்போது லேசாகத் தீய்ந்த துணியின் வாடைபோல இருக்கும், ஆனால் அதுவும் இல்லை. அதை எங்கே முகர்ந்தாலும் இன்றைக்கும் சட்டென்று நின்றுவிடுவேன். ஒன்பது வயதில் ஒரு மே மாதம் முழுவதும் அந்த வாடைக்கு அடியில்தான் நடந்து திரிந்தேன். குடையைப் பிடித்திருந்தவள் என் அம்மா, அவளுடைய மறு கையில் நீள நோட்டு ஒன்று, தோள்பையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு டப்பா நிறைய ஆரஞ்சு மிட்டாயும். கான்வெண்டில் என்னோடு படித்த பெண்கள் லீவுக்கு ஊட்டிக்கும் பெங்களூருக்கும் போய்வந்த கதையை ஜூன் மாதம் அளப்பார்கள். நான் எங்கே போனேன் என்று கேட்டால் என்னத்தைச் சொல்வது? "பிள்ளை பிடிக்க"ப் போனேன்.

அது எங்கள் வீட்டுச் சொல். அப்பா கேலியாக ஆரம்பித்தது. கேலி போய்ச் சொல் மட்டும் தங்கிவிட்டது. அம்மா தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் டீச்சர். ஒரே ஒரு நீளக் கூடம், வாசலில் ஒரு வாதாமரம், ஐந்து வகுப்பு, இரண்டே ஆசிரியர்கள். அதில் ஒருவர் தலைமையாசிரியர், நாங்கள் "பெரிய சார்" என்போம். அவர் பெரும்பாலும் பதிவேடுகளோடுதான் குடித்தனம் நடத்தினார். ஆக ஐந்து வகுப்பையும் ஒரே கூடத்தில் வைத்து மேய்த்தது அம்மாதான். சோப்பு, அட்டைப்பெட்டி, இரும்புச் சாமான் என்று அங்கே செய்யும் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள்தான் அந்தப் பள்ளிக்கு வந்தவை. அவையும் வருஷத்துக்கு வருஷம் குறைந்தன. தெருவுக்குத் தெரு வேன் வந்து நின்று, டை கட்டின பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்த காலம் அது.

அந்த வருஷம் பரீட்சை முடிந்த கையோடு பெரிய சார் அம்மாவிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தார். ஜூனில் பள்ளி திறந்து மூன்றாவது வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்து எண்ணுவார். கூடத்தில் "இருபது தலை" இருக்க வேண்டும். இல்லையென்றால் பள்ளியை மூடி, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். கையில் இருந்தது பதினேழு தலை. "எனக்கு ரிட்டயர்மெண்ட் வந்தாச்சு, உங்களுக்கு வீட்டுப் பக்கத்துலயே போஸ்டிங் கிடைக்கும், வுட்டுத் தள்ளுங்க டீச்சர்" என்றாராம்.

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் வீடு கருவடிக்குப்பத்தில். அங்கே இருந்த பள்ளிக்கு அம்மா வெறுங்காலோடு நடந்தே போய்விடலாம். அப்பா அதைக் கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு, மூடட்டுமே. உனக்கின்னா நஷ்டம்? எங்க ஒக்காந்தாலும் ஒனக்குச் சம்பளம் வரப்போவுது" என்றார். அம்மா சோற்றைப் பிசைந்தபடியே, "எனக்கு வரும். ஆனா அந்த ரோட்ட எந்தப் புள்ளைங்க தாண்டும்? மூணு மாசம் போவும், பொறவு வூட்லயே நின்னுடும்" என்றாள். லாரி லாரியாகப் போகும் ரோடு அது. அதைத் தாண்டி ஆறு வயதுப் பிள்ளையைத் தினமும் கொண்டுவிட, ஷிப்டுக்கு ஓடும் எந்தத் தாய்க்கு நேரம் இருந்தது? அப்பா ரசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

இப்படித்தான் நாங்கள் தெருத்தெருவாகப் போனோம். வீட்டில் என்னைத் தனியாக விட முடியாது என்பதால் நானும் வாலாகப் போனேன். அம்மாவிடம் ஒரு வித்தை இருந்தது. யார் வீட்டு வாசலிலும் பள்ளிக்கூடம் என்ற பேச்சையே எடுக்க மாட்டாள். "தண்ணி குடுங்கம்மா" என்று படியில் உட்காருவாள். பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து, சிமெண்டு படியில் ஒரே ஒரு கோடு இழுத்துவிட்டு, சாக்பீஸை அங்கேயே வைத்துவிட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பாள். அந்த வீட்டுக் குட்டி கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்க்கும், வரும், தொடும், அந்தக் கோட்டிலிருந்து தானாக எதையோ இழுக்கும். அது வீடோ மீனோ பிசாசோ, அம்மா அதை உற்றுப் பார்த்துக் கேள்வி கேட்பாள். "இதுக்கு ஏன் ஒரு கண்ணு?" என்பாள். பிள்ளை விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடும். பெற்றவள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள், தன் பிள்ளைக்கு இவ்வளவு பேச்சா என்று. அதற்குப் பிறகுதான் நோட்டு திறக்கும், மிட்டாய் டப்பாவும் திறக்கும். எனக்கோ பொறாமையில் உடம்பெல்லாம் எரியும். என் படத்தை எப்போது இவள் இப்படிப் பார்த்தாள்?

ஆனாலும் அந்த வித்தை அந்த வருஷம் பலிக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், சிரித்தார்கள், "இங்கிலீசு மீடியத்துல போட்டுட்டோம் டீச்சர்" என்றார்கள். மே மாதம் தீரப்போகும் சமயத்தில்தான் அஞ்சலையக்கா கிடைத்தது. அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை. கை முழுக்கப் பசை காய்ந்து வெள்ளையாக இருக்கும். அதற்கு இரட்டைப் பிள்ளைகள், தினேஷும் திவ்யாவும், ஐந்து வயது முடிந்திருந்தது. பக்கத்து வீட்டிலும் ஒரு பையன் இருந்தான். "நீ போட்டா நானும் போடுறேன் அஞ்சல" என்று அவன் தாய் சொல்லியிருந்தாள். இரண்டும் ஒன்றும் மூன்று, பதினேழோடு சேர்த்தால் இருபது. திவ்யா படி முழுக்கக் கிறுக்கித் தள்ளிவிட்டாள். அஞ்சலையக்கா உள்ளே போய்ப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழைக்கூட எடுத்துவந்துவிட்டது. அம்மா மூடியைக் கழற்றிப் பேனாவைக் கையில் வைத்திருந்தாள்.

அப்போது அஞ்சலையக்கா என் கன்னத்தைத் தொட்டு, சாதாரணமாக, "பாப்பா எந்த ஸ்கூலு?" என்று கேட்டது.

யாரும் அதுவரை கேட்காத கேள்வி. அம்மா என்னிடம் எதையும் மறைக்கச் சொல்லியிருக்கவும் இல்லை. நான் நிமிர்ந்து நின்று கான்வெண்டின் பெயரை முழுசாக, எங்கள் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த உச்சரிப்போடு சொன்னேன். அதோடு விட்டேனா? பழைய நகரத்தைச் சுற்றிப் போகும் சாலையை எங்கள் ஊரில் "புல்வார்" என்பார்கள். அதற்கு உள்ளே படிப்பதென்றால் ஒரு படி உசத்தி. "புல்வாருக்குள்ள இருக்கு. எங்களுக்குப் பிரெஞ்சுகூட உண்டு" என்று சொல்லி, எங்கள் பிரெஞ்சு மதாம் கற்றுத்தந்தபடி "போன்ழூர்" என்று வணக்கம் சொல்லித் தலையை வேறு சாய்த்துக் காட்டினேன். என் வாயில் அன்றைக்குச் சனியன் உட்கார்ந்திருந்தது.

அஞ்சலையக்கா சிரிக்கவில்லை. கையை எடுத்துவிட்டது. "இன்னா டீச்சர் இது?" என்றது. "உம்பொண்ணு மட்டும் டை கட்டிக்கினு பிரெஞ்சு படிக்கணும், எம்புள்ளைங்க மட்டும் உங்கூட தரையில ஒக்காந்து அ ஆ போடணுமா? நீ சொல்லித்தர்ற படிப்பு ஒனக்கே புடிக்கல, எனக்குப் புடிக்கணுமா?" குரல் ஏறியது. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி தன் மகனை இழுத்து இடுப்போடு வைத்துக்கொண்டாள். அம்மா ஏதாவது சொல்ல மாட்டாளா என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் பேனாவின் மூடியைப் போட முயன்றுகொண்டிருந்தாள், அது பொருந்தவே மாட்டேன் என்றது. கடைசியில், "நீ கேக்குறது சரிதான் அஞ்சல" என்று மட்டும் சொன்னாள்.

அம்மா திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். பஸ் நிறுத்தத்தில் நின்றபோது குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள், அவள் பாதித் தோள் வெயிலில் இருந்தது. அது எனக்கு இன்னும் பயத்தைக் கூட்டியது. பள்ளிக்கூடத்தை நான்தான் மூடிவிட்டேன் என்று அந்த வயதில் முழுசாக நம்பினேன்.

மறுநாள் காலை அம்மா அப்பாவிடம் சொன்னாள், என்னைக் கான்வெண்டிலிருந்து எடுத்துத் தன் பள்ளியில் ஐந்தாவது சேர்க்கப் போவதாக. அடேயப்பா, அந்தக் காலை! அப்பா கோபம் வந்தால் கத்த மாட்டார், மெதுவாகப் பேசுவார், அதுதான் கொடுமை. அந்தக் கான்வெண்டில் எனக்கு இடம் வாங்க அவர் எத்தனை பேர் வாசலில் நின்றார் என்பது எங்கள் குடும்பத்துக்கே தெரியும். "ஊர்ப் புள்ளைங்களுக்காக எம்பொண்ணக் கொண்டுபோயித் தள்ளுவியா? டி.சி. வாங்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். "ஊர்ல இருக்குறவன் புள்ளைய எங்கிட்ட வுடுங்கன்னு கேக்குறேன், எம்புள்ளைய எங்கிட்ட வுட எனக்கே தைரியமில்லன்னா நான் இன்னாத்துக்குங்க டீச்சரு?" என்றாள் அம்மா. அதன் பிறகு வீட்டில் பேச்சு நின்றது. ஜூன் பிறந்தது, பள்ளிகள் திறந்தன, நான் டை கட்டிக்கொண்டு புல்வாருக்குள் போனேன், அம்மா பதினேழு பிள்ளைகளிடம் போனாள். மூன்று பேரும் ஒரே கூரைக்கு அடியில், தட்டை வைக்கும் சத்தம் மட்டும் கேட்கச் சாப்பிட்டோம். முதல் வெள்ளி போனது. இரண்டாவது வெள்ளியும் போனது.

அதற்கடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தினார். "நீயே சொல்லு. உனக்கு எந்த ஸ்கூலு வேணும்? நீ என்ன சொல்றியோ அதுதான்" என்றார். என் பதில் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தார். எனக்கும் தெரியும்! எனக்கு என் மதாம் வேண்டும், என் பிரெஞ்சுப் பாடம் வேண்டும், சங்குப்பூ நிறத்தில் கதவு போட்ட அந்த வகுப்பறை வேண்டும். அம்மா ஓர் ஓரத்தில் குடையின் கம்பி பிய்ந்த இடத்தில் நூல் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன். "அம்மா ஸ்கூல்" என்றேன். தியாகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. குற்றம் செய்தவள் தண்டனையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். அப்பா டி.சி. காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அன்றைக்கு அம்மா என்னைக் கூப்பிட்டு, "உன்மேல தப்பில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்?

வியாழக்கிழமை நான் பதினெட்டாவது தலையாகத் தரையில் உட்கார்ந்தேன். அம்மா முந்தின நாளே அஞ்சலையக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருந்தாள். "வந்து ஒக்காரட்டும், பொறவு பாக்கலாம்" என்றதாம் அது. வியாழன் முழுக்க யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆய்வாளர் வந்துவிட்டார். பெரிய சார் டீ வரவழைத்து, பதிவேட்டை ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் நீட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கும் கடைசியில் மனசு கேட்கவில்லை போலும். என் கண் வாசலைவிட்டு நகரவில்லை. வாதாமரம், அதற்கு அப்பால் காலியான தெரு, ஒரு சைக்கிள், மறுபடி காலித் தெரு. அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன்.

அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், புளியங்கொட்டையைக் குவித்து வைத்துக்கொண்டு. எதிரில் மூன்றாம் வகுப்பு மணி. கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு அவனுக்கு ஒரு வருஷமாக ஏறவில்லை. பத்துப் பத்தாகத் துணியில் முடிந்து வைத்திருந்தாள், "ஒத்தக் கொட்ட பத்தல, இன்னா பண்ணுவ?" என்று கேட்டாள். அவன் முழித்தான். மறுபடி கேட்டாள். மறுபடி முழித்தான். எனக்கு அலற வேண்டும்போல இருந்தது. ஆய்வாளர் கதவுக்கு அந்தப் பக்கம் டீ குடிக்கிறார், பள்ளிக்கூடமே போகப்போகிறது, இவள் கொட்டையை வைத்துக்கொண்டு விளையாடுகிறாள்! அப்போது மணி மெதுவாகக் கையை நீட்டி ஒரு முடிச்சை அவிழ்த்தான். பத்துக் கொட்டை உருண்டன. எண்ணினான், எடுத்தான், "ஏழு" என்றான். "அப்படிப் போடு!" என்று அம்மா தொடையைத் தட்டிச் சத்தமாகச் சிரித்தாள். நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அதில் வெள்ளிக்கிழமையும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. அவள் நிஜமாகவே மறந்துபோயிருந்தாள். என் அம்மா யார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அது எனக்குக் கொஞ்சம் வலித்தது.

ஜன்னலில் நிழல் தட்டியது. அஞ்சலையக்கா. உள்ளே வரவில்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகத் தேடியது. நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக, மணிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து அதன் கண் நின்றது. நானும் பார்த்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் நோட்டைத் தூக்கிக் காட்டினேன். "கீழதான் ஒக்காந்துக்குது" என்று யாரிடமோ சொன்னதுபோல முணுமுணுத்துவிட்டு, தலை ஈரம்கூடக் காயாத இரண்டு பிள்ளைகளையும் வாசல் வழியாக உள்ளே தள்ளியது. "ஷிப்டுக்கு நேரமாச்சு டீச்சர், போறேன்" என்றது. பத்தொன்பது, இருபது. ஆய்வாளர் டீ டம்ளரை வைத்துவிட்டு எண்ண வந்தபோது திவ்யா என் மடியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

பள்ளி அன்றைக்குப் பிழைத்தது. அதற்குப் பிறகும் சில வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தது. ஒவ்வொரு மே மாதமும் அம்மா குடையோடு கிளம்பினாள். நான் ஐந்தாவதை அங்கே முடித்துவிட்டு அரசு பெண்கள் பள்ளிக்குப் போனேன். பிரெஞ்சு அதோடு போனது. அப்பாவும் அம்மாவும் ஆடி பிறந்த பிறகு, மழைக்கு வீடு ஒழுகினபோது, பாத்திரம் வைக்கும் சாக்கில் பேச ஆரம்பித்தார்கள்.

இப்போது அந்த இடத்தில் கூடமும் இல்லை, வாதாமரமும் இல்லை. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி ஒன்று நிற்கிறது. அம்மா ஓய்வு பெற்றுவிட்டாள். கொஞ்ச நாளைக்கு முன் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டேன், என்னை அப்படி இழுத்துக்கொண்டு போனது தப்பு என்று உனக்குத் தோன்றவே இல்லையா என்று. கீரையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: "தோணுச்சு. தெனம் தோணுச்சு. பாடம் நடத்தறப்ப மட்டும் தோணல."

நானும் அரசுப் பள்ளி டீச்சர்தான். மே மாதம் நானும் பிள்ளை பிடிக்கப் போகிறேன். என் மகள், சொல்ல நாக்கு கூசுகிறது, புல்வாருக்குள் அதே கான்வெண்டில் படிக்கிறாள். அதனால் அவளை அம்மா வீட்டில் விட்டுவிட்டுத்தான் தெருவில் இறங்குவேன். போன மே மாதம் ஒருநாள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல், வேறு வழியில்லாமல் அவளையும் கூட்டிக்கொண்டு போகும்படி ஆயிற்று. தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு வீடு, வாசலில் ஓர் இளம்பெண், இடுப்பில் பிள்ளை. நான் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தேன். அவள் என் மகளைப் பார்த்து, "பாப்பா எந்த ஸ்கூலு?" என்றாள். என் மகள் நிமிர்ந்து நின்று சொன்னாள். முழுப் பெயரையும் சொன்னாள்.

குடையின் வாடை குப்பென்று ஏறியது. வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அஞ்சலையக்கா கேட்ட கேள்வியை இவளும் கேட்கட்டும், குழாயடிப் பெண்கள் எல்லாரும் வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவள் முகம் மலர்ந்தது. "நல்ல ஸ்கூலாச்சே டீச்சர்! அங்க எங்க புள்ளைக்கு ஒரு சீட்டு கிடைக்குமா? உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருப்பாங்க, கொஞ்சம் சொல்லி வுடுங்களேன்" என்றாள். வெயிலில் நிற்கிறோமே என்று உள்ளே போய் எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.